வலுவூட்டிய ஒயினைக் காவிரிப் படுகையின் வெப்பத்தில் பாதுகாப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்காலில் எங்கள் குடும்பத்தைப் போலவே பல குடும்பங்களுக்குப் பிரான்சில் உறவினர் உண்டு. விடுமுறைக்கு வரும் பெரியப்பாவோ அத்தையோ ஒரு பாட்டில் போர்ட் அல்லது பன்யுல்ஸ் ஒயின் கொண்டுவந்து தருவார்கள். அது விலையுயர்ந்தது என்பதற்காகவே பீரோவின் மேல் ஏறி அமர்ந்து, ஏழெட்டுக் கோடைகளைக் கடந்த பிறகு ஒரு கல்யாணத்தன்று திறக்கப்படும். அப்படித் திறந்த ஒரு பாட்டிலில் பழச்சுவை முழுவதும் போய்விட்டிருந்ததைப் பார்த்த வருத்தத்தில்தான் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். அதன்பின் காரைக்கால், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கத்து நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

வலுவூட்டிய ஒயின் என்றால் என்ன? சத்துச் சேர்த்த ஒயினா?

இல்லை. செறிவூட்டிய அரிசியில் இரும்புச்சத்தும் வைட்டமின்களும் சேர்ப்பதுபோல இதில் எதுவும் சேர்ப்பதில்லை. திராட்சையிலிருந்து வடித்த சாராவியை (ஸ்பிரிட்டை) சாதாரண ஒயினில் கலந்து, அதன் ஆல்கஹால் அளவை 15 முதல் 22 சதவீதம் வரை உயர்த்துவதையே வலுவூட்டல் என்கிறோம். போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் விளையும் போர்ட், ஸ்பெயினின் ஹெரேஸ் வட்டாரத்து ஷெர்ரி, அட்லாண்டிக் தீவொன்றிலிருந்து வரும் மதேரா, சிசிலியின் மார்சாலா, தெற்குப் பிரான்சின் பன்யுல்ஸ், மூலிகைகள் ஊறவைத்த வெர்மூத் ஆகியவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. போர்ட்டில் நொதித்தல் பாதியிலிருக்கும்போதே 77 சதவீத வலிமையுள்ள சாராவியைச் சேர்ப்பதால் ஈஸ்ட் செயலிழந்து, திராட்சையின் இனிப்பு மிச்சமாகிறது. பெரும்பாலான ஷெர்ரி வகைகளில் நொதித்தல் முடிந்த பிறகே சேர்ப்பதால் அவை அடிப்படையில் இனிப்பற்றவை.

நம் நாட்டுக் கடைகளில் ‘போர்ட்’ என்ற பெயரில் கிடைக்கும் இனிப்புச் சிவப்பு ஒயின் எல்லாமே இந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. பெயரைப் பார்ப்பதைவிட லேபிளில் உள்ள ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள். அது 15-க்குக் கீழே இருந்தால், அதைச் சாதாரண ஒயினாகவே கருதி, திறந்த நான்கைந்து நாட்களுக்குள் முடித்துவிட வேண்டும்.

பாட்டிலில் காலாவதித் தேதியே இல்லையே? அப்படியானால் இது கெடவே கெடாதா?

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளின்படி 10 சதவீதமும் அதற்கு மேலும் ஆல்கஹால் உள்ள பானங்களில் அத்தகைய தேதியை அச்சிட வேண்டிய கட்டாயம் இல்லை. தேதி இல்லாததைக் கெடாது என்பதற்கான உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இங்கே இரண்டு வகைக் கேடுகளைப் பிரித்துப் பார்ப்பது அவசியம். முதலாவது புளிப்பேறுதல். காரைக்கால் பக்கத்துத் தென்னங்கள் காலையில் இறக்கியபோது இனிப்பாக இருந்து, மாலைக்குள் கடுத்து, மறுநாள் காடியாகிவிடுவதை அனைவரும் அறிவோம். கள்ளில் ஆல்கஹால் குறைவாக இருப்பதால், காற்றிலுள்ள அசெட்டிக் பாக்டீரியா அதைத் தடையின்றிப் புளிக்கவைக்கிறது. வலுவூட்டிய ஒயினில் அந்த பாக்டீரியா பிழைத்துப் பெருகுவதே கடினம் என்பதால், போர்ட் காடியாவது அரிது. இரண்டாவது கேடு காற்றிலுள்ள ஆக்சிஜனால் வருவது. அதற்கு நுண்ணுயிர் எதுவும் தேவையில்லை. நறுக்கி வைத்த வாழைக்காய் கறுப்பதுபோல ஒயினின் நிறமும் மணமும் மெல்ல மெல்ல மங்கிவிடும். வெப்பம் இதை முடுக்கிவிடுகிறது: வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்ற பொதுவிதியின்படி, 13 டிகிரி நிலவறையில் நான்கு ஆண்டுகளில் ஏற்படும் மாற்றம், 33 டிகிரியுள்ள நம் கூடத்தில் ஓர் ஆண்டிலேயே ஏற்பட்டுவிடலாம்.

ஆகவே எந்தப் பாட்டில் கைக்கு வந்தாலும், அது பாட்டிலில் அடைக்கப்படுவதற்கு முன்பே காற்றோடு பழகியதா, பழகாததா என்பதையே நான் முதலில் பார்க்கிறேன். நம் வீடுகளில் புதுப்புளி, பழம்புளி என்று இரண்டு இருக்கின்றன அல்லவா? புதுப்புளியின் செந்நிறத்தையும் துள்ளலையும் காக்க வேண்டியிருக்கிறது. பழம்புளியோ கறுத்து முதிர்ந்ததாலேயே மதிக்கப்படுகிறது, அதற்கு மேல் அதில் பெரிதாக மாற எதுவும் இல்லை. ரூபி போர்ட், சிறந்த ஓர் ஆண்டின் அறுவடையிலிருந்து மட்டும் செய்யும் விண்டேஜ் போர்ட், ஃபீனோ ஷெர்ரி ஆகியவை காற்றுப்படாமல் வளர்ந்தவை. டானி போர்ட், ஒலொரோசோ ஷெர்ரி, மதேரா ஆகியவை மரப்பீப்பாய்களில் பல ஆண்டுகள் காற்றோடு உறவாடி முதிர்ந்தவை. வகைகளின் பெயர்கள் நினைவில் நிற்காவிட்டாலும் இந்த வேறுபாடு நினைவிலிருந்தால் போதுமானது.

திறந்த பிறகு எத்தனை நாள் தாங்கும்?

மூடியை இறுக மூடி ஃபிரிட்ஜில் வைப்பதாகக் கொண்டே கீழ்க்காணும் அளவுகளைச் சொல்கிறேன். நம் ஊர் வெப்பத்தில் வெளியே வைத்தால் இவற்றில் பாதியைக்கூட எதிர்பார்க்க வேண்டாம்.

மிகவும் மென்மையானவை ஃபீனோவும் அதைப் போன்ற மன்சனீயா ஷெர்ரியும். பீப்பாய்க்குள் ஒயினின் மேல் ஈஸ்ட்டால் ஆன வெண்ணிற ஏடு ஒன்று படர்ந்து, காற்றுப்படாமல் அதைக் காத்து வருகிறது. பாட்டிலில் அடைக்கும்போது அந்தக் காவல் நீங்கிவிடுகிறது. திறந்த மூன்று நாட்களுக்குள், மிஞ்சிப்போனால் ஒரு வாரத்துக்குள், இவற்றை முடித்துவிட வேண்டும். விண்டேஜ் போர்ட் இரண்டு மூன்று நாட்கள் மட்டுமே தன் முழு அழகோடு இருக்கும். லேட் பாட்டில்டு விண்டேஜ் (தாமதித்துப் பாட்டிலில் அடைத்தது) என்று லேபிளில் கண்டால் நான்கைந்து நாட்கள் என்றும், சாதாரண ரூபி என்றால் பத்து நாட்கள் முதல் இரண்டு வாரங்கள் வரை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

காற்றோடு பழகியவற்றின் கணக்கு வேறு. 10 ஆண்டு, 20 ஆண்டு என்று குறித்த டானி போர்ட் ஒன்றிரண்டு மாதங்கள் தாங்கும். ஷெர்ரி வகைகளில் அமொன்டியாடோ இரண்டு மூன்று வாரங்களும், ஒலொரோசோ ஒரு மாதத்துக்கு மேலும், வெல்லப்பாகு போல இனிக்கும் பெத்ரோ ஹிமேனெஸ் அதைவிடக் கூடுதலாகவும் நிற்கும். மார்சாலாவுக்கு ஒன்றிரண்டு மாதங்கள். மதேராவோ மாதக்கணக்கில், சில வேளை ஓர் ஆண்டுக்கு மேலும், குறையேதும் காட்டாமல் இருக்கும். வெர்மூத் பாட்டிலைப் பிராந்தி, ரம் பாட்டில்களோடு அலமாரியில் நிறுத்திவைக்கும் வழக்கம் பரவலாக இருப்பதால் இதைத் தனியே சொல்ல வேண்டும்: அது மூலிகை சேர்த்த ஒயின்தான், ஃபிரிட்ஜில் வைத்தால் ஒன்றிரண்டு மாதங்கள், வெளியே வைத்தால் சில வாரங்களில் மணமிழந்துவிடும்.

பன்யுல்ஸ் இரு வகையாக வருகிறது. செந்நிறம் மாறாமல் இளமையிலேயே அடைத்தது ரூபியைப் போன்றது, பீப்பாயில் பழுப்பேறியது டானியைப் போன்றது.

திறக்காத பாட்டிலை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்?

பெரும்பாலான வலுவூட்டிய ஒயின்கள் குடிக்கத் தயாரான நிலையிலேயே பாட்டிலில் அடைக்கப்படுகின்றன. ரூபியும் டானியும் பாட்டிலுக்குள் மேலும் மேன்மையடைவதில்லை. 20 ஆண்டு டானியை இன்னும் 10 ஆண்டு வைத்திருந்தால் அது 30 ஆண்டு டானி ஆகிவிடாது. வயது குறித்த டானியின் லேபிளில் பாட்டிலில் அடைத்த ஆண்டும் இருக்கும். அதிலிருந்து இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் குடிப்பது நல்லது. ஃபீனோவை அடைத்த ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் திறந்துவிட வேண்டும். விண்டேஜ் போர்ட் முக்கியமான விதிவிலக்கு: அறுவடைக்குப் பின் இரண்டு மூன்று ஆண்டுகளில் அடைக்கப்பட்டு, பாட்டிலுக்குள்ளேயே 20, 30, 50 ஆண்டுகள்வரை வளரக்கூடியது. ஆனால் இந்தக் கணக்குகள் எல்லாம் 12 முதல் 15 டிகிரிவரை சீராகக் குளிர்ந்த நிலவறைகளை மனத்தில் கொண்டவை. தனிக் குளிரூட்டும் பெட்டி இல்லாத நம் வீடுகளில், எந்த வகையானாலும் அடுத்த கத்திரி வெயில் வருவதற்கு முன் திறந்துவிடுங்கள் என்பதே என் அறிவுரை.

வீட்டில் எந்த இடத்தில் வைப்பது?

முதலில், வைக்கக் கூடாத இடங்கள். பரண் வேண்டவே வேண்டாம். ஓட்டு வீடானாலும் தளம் போட்ட வீடானாலும் கூரைக்கு அடியில்தான் வெப்பம் தேங்குகிறது. பீரோவின் உச்சியும் அப்படியே. அடுப்பங்கரை அலமாரி, ஃபிரிட்ஜின் மேற்புறம், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு அருகிலுள்ள மூலை, மேற்கு வெயில் விழும் ஜன்னலோரம் ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும். கண்ணாடி ஷோகேஸில் குழல்விளக்கின் கீழ் பாட்டிலை நிறுத்தி அழகு பார்ப்பது, வெளிர்நிறக் கண்ணாடியில் வரும் ஃபீனோவுக்கும் வெண்போர்ட்டுக்கும் குறிப்பாகக் கேடு. வெளிச்சமே அவற்றின் மணத்தைக் கெடுத்துவிடும்.

கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்துப் பழைய முற்றம் வைத்த வீடுகளில், தடித்த சுவர்களுக்கு நடுவில் பத்தாயம் இருந்த உள்ளறை ஒன்று பெரும்பாலும் இருக்கும். வெளியே 38 டிகிரி அடிக்கும் நாளிலும் அங்கே தரையோரத்தில் கைவைத்தால் வேறுபாடு தெரியும். மேலும் இரவுக்கும் பகலுக்கும் இடையே அங்கே ஏற்ற இறக்கம் குறைவு. அந்த அறையின் தரையில், செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் வைத்த பாட்டில் ஐப்பசி முதல் மாசி வரையிலான மாதங்களைச் சிரமமின்றிக் கடக்கும். பங்குனிக்குப் பிறகு அந்த அறையும் போதாது.

மண்பானையைப் போல ஈர மணலில் புதைத்து வைக்கலாமா என்று ஒரு பெரியவர் கேட்டார். நல்ல யோசனைதான், ஆனால் ஈரம் ஆவியாவதால் வரும் குளிர்ச்சி காற்று உலர்ந்திருக்கும்போதுதான் நன்றாக வேலை செய்யும். தஞ்சாவூர்ப் பக்கம் வறண்ட கோடைப் பிற்பகலில் சில டிகிரி குறையக்கூடும், நாகப்பட்டினக் கடற்கரையின் ஈரக்காற்றில் பலன் சொற்பமே.

ஏ.சி. அறையில் வைப்பதாகச் சொல்பவர்களும் உண்டு. இரவில் 24 டிகிரியும் பகலில் 35 டிகிரியுமாக மாறிக்கொண்டே இருக்கும் அறையில், பாட்டிலுக்குள் ஒயின் விரிந்து சுருங்க, தக்கையின் ஓரமாகக் காற்று உள்ளே போய் வருகிறது. சீரான 28 டிகிரி உள்ளறை இதைவிட மேல் என்பது என் கருத்து.

எஞ்சுவது ஃபிரிட்ஜ். கதவில் வைக்காமல், அதிகம் அசையாத கீழ்த்தட்டின் பின்பக்கம் வையுங்கள். ஃபிரிட்ஜின் உலர்ந்த காற்று தக்கையைக் காயவைக்கும் என்று நூல்கள் எச்சரிப்பது பல ஆண்டுச் சேமிப்பைப் பற்றியது. ஒரு கோடையைக் கடத்துவதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஃப்ரீசரில் மட்டும் வைத்துவிடாதீர்கள்: அதன் −18 டிகிரியில் ஒயின் உறைந்து விரிந்து, தக்கையைத் தள்ளிவிடலாம், பாட்டிலையே உடைத்தும்விடலாம்.

படுக்க வைப்பதா, நிறுத்தி வைப்பதா?

மேலே பிளாஸ்டிக் தலை பொருத்திய, கையாலேயே திருகி எடுக்கும் குட்டைத் தக்கையானால் நிறுத்தியே வைக்க வேண்டும். ரூபி, டானி, ஷெர்ரி பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. திருகாணி கொண்டு இழுத்தெடுக்க வேண்டிய நீளத் தக்கையுள்ள விண்டேஜ் போர்ட்டை, தக்கை காயாதிருக்கப் படுக்க வைக்க வேண்டும். மதேராவில் நீளத் தக்கை இருந்தாலும் நிறுத்துவதே மரபு.

திருச்சி விமான நிலையத்திலிருந்து ஊர் வருவதற்குள் பாட்டில் சூடாகிவிட்டது. கெட்டிருக்குமா?

மூன்று மணி நேரப் பயணத்தில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்த காரின் உட்பகுதியில் இருந்திருந்தால் கவலை வேண்டாம். வழியில் சாப்பிடவும் கோயிலுக்குப் போகவும் இறங்கியபோது, வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டியில் கிடந்திருந்தால் அது வேறு கதை. மூடிய காருக்குள் மே மாதத்தில் வெப்பம் 50 டிகிரியை எளிதில் தாண்டும். தக்கை மேலெழுந்திருக்கிறதா, கழுத்துறையின் ஓரத்தில் பிசுபிசுப்பான கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் காத்திருக்காமல், குளிரவைத்து அந்த வாரமே திறந்துவிடுவது நல்லது. இல்லையென்றாலும் அதை நெடுநாள் சேமிப்புக்கு உரியதாகக் கருத வேண்டாம். முடிந்தவரை பாட்டிலைத் துணிகளுக்கு நடுவில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

மின்வெட்டு நேர்ந்தால்?

சில மணி நேர மின்வெட்டு ஒயினுக்கு ஒரு பொருட்டே அல்ல. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது படுகையின் தென்பகுதியில் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அத்தகைய நிலையில்கூட திறக்காத பாட்டில், ஐப்பசி கார்த்திகையின் மிதமான வெப்பநிலையில் ஒன்றிரண்டு வாரங்கள் பெரிதாகக் கெடாது. திறந்த ரூபியை அந்த நாட்களிலேயே குடித்துவிட வேண்டியதுதான். மழைக்காலத்தில் வேறொன்றைக் கவனியுங்கள்: லேபிளிலும் தக்கையின் வெளிப்புறத்திலும் பூசணம் பூக்கும். அதனால் உள்ளே இருக்கும் ஒயினுக்குக் கேடில்லை, திறக்கும் முன் ஈரத்துணியால் வாயைத் துடைத்துக்கொண்டால் போதும்.

மதேராவைச் சூடேற்றித்தான் செய்கிறார்களாமே? அப்படியானால் போர்ட்டும் வெப்பத்தில் மேம்படாதா?

மதேராவின் வரலாறு நம் கடற்கரையோடும் சிறிது தொடர்புடையது. இந்தியாவுக்கு வந்த ஐரோப்பியக் கப்பல்கள் வழியில் அந்தத் தீவில் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டன. வெப்பமண்டலக் கடல்களைக் கடந்து திரும்பிவந்த பீப்பாய்களில் ஒயின் முன்னிலும் சுவையாக இருப்பதைக் கண்டார்கள். இந்தியப் பயணம் போய்வந்த அந்த ஒயின் ‘ஈஸ்ட் இண்டியா மதேரா’ என்ற பெயரில் லண்டனில் கூடுதல் மதிப்புப் பெற்றது. பின்னாளில் அதே வெப்பத்தைத் தீவிலேயே உண்டாக்கினார்கள்: தொட்டியில் 45 முதல் 50 டிகிரி வெப்பத்தில் குறைந்தது மூன்று மாதங்கள், உயர்வகையானால் வெயில் காயும் மாடி அறைகளில் பீப்பாய்களில் பல ஆண்டுகள்.

இது மதேராவுக்குப் பொருந்துவதன் காரணம் அதன் மிகுந்த புளிப்பு. அந்தப் புளிப்பு இருப்பதால் வெப்பத்தில் முதிர்ந்த பின்னும் சுவை உயிரோடு நிற்கிறது. ரூபி போர்ட்டின் மதிப்போ அதன் புதுப் பழ மணத்தில் இருக்கிறது, வெப்பம் முதலில் அழிப்பதும் அதையேதான். ஏற்கனவே எல்லா வெப்பத்தையும் பார்த்துவிட்டதால், நம் பகுதி வீடுகளுக்கு மிகப் பொருத்தமான ஒயின் மதேராதான் என்பதை ஐயமின்றிச் சொல்வேன். உறவினர் என்ன வாங்கிவரட்டும் என்று கேட்டால் அதையே சொல்லுங்கள்.

பாதி பாட்டில் மீந்துவிட்டது. அதன் ஆயுளை நீட்ட வழி உண்டா?

உண்டு. மீந்த ஒயினுக்கு மேலே உள்ள காற்றிடத்தைக் குறைப்பதே வழி. 180 மில்லி குவார்ட்டர் பாட்டில்கள் இரண்டை வெந்நீரில் நன்கு கழுவி, பழைய பிராந்தி வாடை சிறிதும் இல்லாதபடி காயவைத்து, திறந்த அன்றைக்கே கழுத்துவரை ததும்ப நிரப்பி, இறுக மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்று நாள் கழித்து இதைச் செய்தால் பயன் குறைவு.

அடியில் வண்டல் தெரிகிறது. சில பாட்டில்களில் கண்ணாடித் தூள் போலவும் இருக்கிறது. ஆபத்தா?

இரண்டும் ஆபத்தற்றவை. கண்ணாடித் தூள் போல மின்னுவது, குளிரில் படிகமாகப் படிந்த டார்டாரிக் உப்பு. கரிய வண்டல் விண்டேஜ் போர்ட்டின் நிறப்பொருட்கள் ஆண்டுக்கணக்கில் படிந்தது. பாட்டிலை முந்தைய நாளே நிமிர்த்தி வைத்து, அசைக்காமல் மெல்லச் சரித்து, சுத்தமான மல் துணியில் வடிகட்டினால் போதும். டிகிரி காப்பி போடும் ஃபில்டரை இதற்கு எடுக்காதீர்கள். எவ்வளவு கழுவினாலும் காப்பி மணம் அதை விட்டுப் போகாது.

கெட்டுவிட்டதை எப்படி அறிவது? கெட்டதை என்ன செய்வது?

ரூபியின் செந்நிறம் பழுப்பாகி, பழ மணம் போய், வெறும் இனிப்பும் சாராவியின் எரிச்சலும் எஞ்சியிருந்தால் அதன் காலம் முடிந்தது. ஃபீனோ வைக்கோல் நிறத்திலிருந்து பொன்னிறத்துக்கு மாறி, வெட்டிவைத்த ஆப்பிள் போல மணக்கும். அத்தகைய ஒயின் உடலுக்குத் தீங்கு செய்வதில்லை, இன்பம் தருவதும் இல்லை. மங்கிய போர்ட்டைக் கிறிஸ்துமஸ் கேக்குக்கான உலர்திராட்சையும் பேரீச்சையும் ஊறவைக்கத் தாராளமாகப் பயன்படுத்தலாம். நகப்பூச்சு நீக்கியின் நெடியோ ஈரத்துணியின் முடைநாற்றமோ வீசினால் கேக்குக்கும் வேண்டாம்.

எங்கள் பங்குக் கோயிலில் திருப்பலிக்கான ஒயின் பாட்டிலைத் திறந்தால் முடியப் பல நாட்கள் ஆகின்றன. என்ன செய்வது?

கோயில்பிள்ளை ஒருவர் மிகுந்த அக்கறையோடு கேட்டது இது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 924-ஆவது சட்டம், அந்த ஒயின் திராட்சையிலிருந்து பெற்ற இயற்கையானதாகவும் கெட்டுப்போகாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே இங்கே பாதுகாப்பு சுவையைப் பற்றிய செய்தி மட்டும் அன்று. திருப்பலிப் பொருட்கள் வைக்கும் சக்ரீஸ்து அறையின் அலமாரியில் வைக்காமல் ஒரு சிறு ஃபிரிட்ஜில் வைப்பதும், வாரத் தேவைக்கு ஏற்பச் சிறு கண்ணாடிப் பாட்டில்களில் பிரித்து நிரப்புவதும், திறந்த தேதியை ஒரு சீட்டில் எழுதி ஒட்டுவதும் போதுமானவை. முகர்ந்தால் காடி நெடி வருவதைப் பலிபீடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

மகள் பிறந்த ஆண்டின் விண்டேஜ் போர்ட் கிடைத்திருக்கிறது. அவளுடைய கல்யாணம்வரை இங்கே வைத்துக் காக்க முடியுமா?

2016, 2017 போன்ற ஆண்டுகளில் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் தங்கள் அறுவடையை விண்டேஜ் தரமாக அறிவித்தார்கள் என்பதால், அந்த ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகளின் பெற்றோர் இதை அடிக்கடி கேட்கிறார்கள். ஃபிரிட்ஜிலோ உள்ளறையிலோ 25 ஆண்டுகள் முடியாது. கம்ப்ரஸர் வைத்த ஒயின் பெட்டி, ஸ்டெபிலைசர், மாற்று மின்சாரம் மூன்றும் இருந்தால் முடியும். கம்ப்ரஸர் இல்லாத மலிவுப் பெட்டிகள் சுற்றியுள்ள வெப்பத்திலிருந்து ஓரளவுதான் குறைக்கக்கூடியவை, நம் மே மாதத்தில் அவற்றால் 13 டிகிரியை எட்ட இயலாது. குளிர்நாட்டில் நிலவறையுள்ள உறவினர் இருந்தால், பாட்டிலை அவர்களிடமே விட்டுவைத்து, கல்யாணத்துக்கு வரும்போது கொண்டுவரச் சொல்லலாம்.

இரண்டும் இயலாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஒரே ஆண்டின் அறுவடையைக் குறைந்தது ஏழு ஆண்டுகள் பீப்பாயில் முதிரவைத்த கொல்யேய்தா போர்ட், தயாரிப்பாளரின் பீப்பாயிலேயே பல ஆண்டுகள் காத்திருந்து பிறகு பாட்டிலுக்கு வருவது உண்டு. பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் ஆன பிறகு, அவள் பிறந்த ஆண்டு பொறித்ததும் அண்மையில் அடைக்கப்பட்டதுமான ஒரு கொல்யேய்தாவையோ மதேராவையோ தேடி வாங்கச் சொல்லுங்கள். அதுவரை அந்தப் பாட்டிலைக் காக்கும் பொறுப்பு டோரோ ஆற்றங்கரைக் கிடங்கைச் சேர்ந்தது. உங்கள் பீரோவுக்கு அந்தச் சுமை வேண்டாம்.